ஃபெம்மி அச்சடித்த பக்கம்

ஃபெம்மி ஸ்லாட்டுக்குப் படம் வரைய வராது. பூ வரையச் சொன்னால் முட்டைக்கோஸ் வரும். அதனால் அவள் போட்ட போஸ்டர் எல்லாவற்றிலும் எழுத்து மட்டும்தான் இருக்கும். அதுவும் மூட்டை எழுத்து. பதினாறு வயதிலிருந்து முப்பத்தெட்டு வயது வரை ஆற்றங்கரைக் கோகோ ஆலையில் சாக்குக்கு அச்சுப் போடுகிற வேலை பார்த்தவள் அவள். தகரத்தில் வெட்டிய எழுத்தைச் சாக்கின்மேல் வைத்துக் கறுப்பு மையை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அப்படி ஒரு நாளைக்கு அறுநூறு சாக்கு. ஆலைக்காரர்கள் சாக்கை விட்டுக் காகிதப் பைக்கு மாறியதும் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தகர எழுத்துகளும் அவளோடு வீட்டுக்கு வந்தன. திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். குப்பையில் போடு என்றார்கள், அவள் தன் வீட்டுக் குப்பையில் போட்டாள். அவ்வளவுதான்.

எங்கள் வெர்ஃப் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. எல்லாம் ஆற்றைப் பார்த்த குட்டி வீடுகள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும், ஒன்றை உருவினால் மற்றது சாய்ந்துவிடும். ஃபெம்மியின் வீடு பதினேழு, என் வீடு பத்தொன்பது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவள் மூக்கைச் சிந்தினால் எனக்குக் கேட்கும்.

அவள் முதல் போஸ்டர் போட்டது படகுக்காக. ஆற்றைக் கடக்கிற படகுக்கு நகரசபை காசு வாங்கப்போகிறது என்று பேச்சு வந்தது. ஃபெம்மி பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைப் பிடித்து, அதில் மெல்லிய திரைத்துணியை இழுத்துக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கொட்டகையில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்கினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் ஐம்பது தாளில் மை வழிந்து, எழுத்துக்குப் பதிலாகச் சேற்றுப் பன்றி ஓடியது போல இருந்தது. அடுத்த ஐம்பது நன்றாக வந்தது. அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறதே என்று, மூட்டையில் போடுகிற வரி ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டாள்: ‘உலர்ந்த இடத்தில் வைக்கவும்.’

ஊரே சிரித்தது. படகுக்குக் காசு வரவில்லை. அன்றிலிருந்து அவள் எதை எதிர்த்துப் போஸ்டர் போட்டாலும் அடியில் அந்த வரி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் லாரி விடாதே, உலர்ந்த இடத்தில் வைக்கவும். பெயின்ட் ஆலைக் கழிவை ஆற்றில் விடாதே, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

அவள் புருஷன் வுப்பே. கப்பலைக் கரையில் கட்டுகிற இரும்புக் கயிறு அறுந்து வந்து அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. வாயை ஒன்றும் செய்யவில்லை. தெருப்பக்கத்துப் பெரிய ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு, காலை காப்பியிலிருந்து ராத்திரி சாப்பாடு வரை அங்கேயே இருப்பான். மேல் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் திட்டுவான். திட்டு வாங்காமல் போனால் எங்களுக்கு அந்த நாள் சரியாகப் போகாது.

நான் நகரசபைக்குத் தெருக்கல் பதிக்கிறவன். என்னைப் பார்த்தால் அவனுக்கு ஒரே பாட்டுதான்.

“டேய் ஹார்மன்! நீ பதிச்ச கல்லும் உன் பல்லும் ஒரே வரிசையில இருக்குடா! எவன் கண்டாலும் இது ஹார்மன் வேலைன்னு கண்டுபிடிச்சிருவான்!”

“உனக்கென்ன, ஒத்தைக் கால். தடுக்கினாலும் பாதிதான் தடுக்கும்” என்பேன்.

“வாடா, உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போ. பிஸ்கட் ஒண்ணுதான், ரெண்டாவதுக்கு டப்பாவைத் தொறக்க மாட்டா ஃபெம்மி.”

இப்படி ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்துநாலாம் வருஷம் இலையுதிர் காலத்தில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. தெருவை இடிக்கப் போகிறார்கள். பாலத்துக்கு அகலமான சாலை, கார் நிறுத்த இடம். எங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வீடு. ஃபெம்மிக்கும் வுப்பேக்கும் ஒன்பதாவது மாடி. அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்களைக் கேட்டோம். லிஃப்ட் நல்ல லிஃப்ட்தான், வாரத்தில் நாலு நாள் ஓடும் என்றார்கள்.

ஃபெம்மி கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

“ஹார்மன், சாலை போட்டா போடட்டும். எனக்குச் சுவரு மேல ஆசை இல்லை. ஆனா இவனை மேல கொண்டுபோய் வச்சா யாரைத் திட்டுவான்? புறாவையா? ஒரு வாரம் வாயை மூடினான்னா செத்தே போயிடுவான்டா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கை ஏப்ரன் பையை விடவில்லை.

நகரசபையில் பதினைந்து பேர். இடிக்கலாம் என்கிற கட்சிக்கு எட்டுப் பேர், வேண்டாம் என்பவர்கள் ஏழு. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, வீட்டுவசதிப் பொறுப்பில் இருந்த டுல்லமோண்ட் என்கிற உறுப்பினர் தெருவை நேரில் பார்க்க வருவதாகச் செய்தி. அவரும் அந்த எட்டில் ஒருவர்தான். கூடவே பத்திரிகை நிருபர் ஒருவனும் வருகிறான். நேரில் பார்த்தோம் என்று எழுதிக்கொள்வதற்காக வருகிறார், அவ்வளவுதான் என்றார்கள் எல்லாரும்.

“வரட்டும். நாப்பத்திரண்டு வீட்டு ஜன்னல்லயும் போஸ்டர் இருக்கணும். ஒரு ஜன்னல் காலியா இருந்தாலும், பாருங்க, இவங்களுக்குப் போறதுல சந்தோஷம்தான்னு எழுதிடுவானுங்க” என்றாள் ஃபெம்மி.

ஜன்னல் போஸ்டர் எங்களுக்குப் புதிது இல்லை. தெருப்பக்க ஜன்னல் எப்போதும் திறந்த புத்தகம்தான். திரையை இழுத்து மூடுகிறவளைப் பார்த்தால், என்னத்தை மறைக்கிறாள் என்று அடுத்த வீட்டில் பேச்சு வந்துவிடும். அதனால் எதைச் சொல்ல வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடியில்தான் ஒட்டுவோம்.

எழுத்து இருந்தது, மை அரை டப்பா இருந்தது, காகிதம்தான் இல்லை. அந்த வருஷம் காகிதம் விற்ற விலைக்கு ரொட்டியில் அச்சடித்துவிடலாம். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாரத்தில் இரண்டு நாள் டுல்லமோண்ட் கட்சியின் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது ஃபெம்மிதான். கொள்கை வேறு, துடைப்பம் வேறு என்பாள். அங்கே கொதிகலன் அறையில் ஆறு கட்டுக் காகிதம் கோடையிலிருந்து தூசி தின்றுகொண்டு கிடந்தது. இதை என்ன செய்யட்டும் என்று கட்சிச் செயலாளரைக் கேட்டிருக்கிறாள்.

“எடுத்துட்டுப் போம்மா. அடுப்புல நல்லா எரியும்” என்றாராம் அவர், தலையைத் தூக்காமலே.

நான்தான் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே டுல்லமோண்ட். போன தேர்தலுக்கு அடித்த போஸ்டர். மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, பல் தெரியாமல் சிரிக்கிற பெரிய முகம், கெட்டிக் கறுப்பில். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை.

“அடியே ஃபெம்மி, இவரு மேலயேவா?”

“அவருக்குப் பின்னாலதான். அவரு முகத்துக்கு நாம என்ன குறைச்சலா பண்ணப்போறோம்?”

இரண்டு நாள் கொட்டகையில் ரப்பர் பட்டையால் மையை இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மை போதவில்லை என்று சிவப்பில் நிறைய எண்ணெய் கலந்து நீட்டினாள். பகல் வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது. ‘இடிக்காதே. உள்ளே ஆள் இருக்கிறது.’ அடியில் வழக்கமான வரி. தாள்களைக் கொடியில் துணி போலத் தொங்கவிட்டுக் காய வைத்தாள். செவ்வாய் மத்தியானம் நானும் அவளும் வீடு வீடாகப் போய்க் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினோம். சிவப்பு எழுத்து தெருவைப் பார்க்கும். டுல்லமோண்ட் வீட்டுக்குள்ளே பார்ப்பார்.

இதில்தான் முதல் சண்டை வந்தது. முப்பத்தொன்றாம் வீட்டு ஆல்ச்சே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்டி, இந்த ஆளு என் உருளைக்கிழங்கையே உத்துப் பாக்குறான்டி! எப்படிச் சாப்பிடறது?”

“வியாழக்கிழமை வரைக்கும்தானே. முதுகைக் காட்டி உக்காந்து சாப்பிடு.”

“என் வீட்டுல நான் முதுகைக் காட்டி உக்காரணுமா!”

இரண்டாவது சண்டை அவள் வீட்டிலேயே. வுப்பே தன் ஜன்னலில் ஒட்டவே கூடாது என்று கோலைக் குறுக்கே நீட்டிவிட்டான்.

“போஸ்டர் ஒட்டினா நான் எப்படித் தெருவைப் பாக்கறது? தெருவுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாம திட்டணுமா?”

“யோவ், உனக்காகத்தானே இத்தனையும்!”

“எனக்காகன்னா எனக்கு மறைக்காதே.”

கடைசியில் மேல்பாதியில் ஒட்டி, கீழ்ப்பாதியை அவனுக்கு விட்டாள். அவன் தலைக்கு மேலே டுல்லமோண்ட் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். கோல் பறந்து வந்தது.

மூன்று மணி ஆனது. தெருவே வாசலில் நின்றது. குளிர் மூக்கை அறுத்தது. நாற்பத்திரண்டு ஜன்னலிலும் சிவப்பு எழுத்து, ஒன்றுகூடக் காலி இல்லை. பார்க்க எனக்கே நெஞ்சு விரிந்தது. மூன்றரை ஆனது. டுல்லமோண்ட் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவன் சேதி சொன்னான்: பாலத்தைத் தூக்கியிருக்கிறார்கள், மணல் படகுகள் வரிசையாகப் போகின்றன, அந்தப் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊரில் பாலம் தூக்கினால் ராஜாவே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். நாலு மணி. நாலேகால். டிசம்பர் மாதச் சூரியனுக்கு எங்கள் ஊரில் நிற்பதற்கு எப்போதுமே பொறுமை கிடையாது. தெரு மங்கிவிட்டது. ஜன்னலில் ஏதோ காகிதம் இருக்கிறது என்று தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

ஃபெம்மி பதறிப்போனாள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மரச்செருப்பு டக்டக்கென்று ஓடினாள்.

“விளக்கைப் போடுங்க! எல்லாரும் விளக்கைப் போடுங்க! போஸ்டர் தெரியணும்! ஜன்னல் பக்கத்து விளக்கு! ஆல்ச்சே, உன் பெரிய விளக்கு!”

எல்லாரும் உள்ளே ஓடி விளக்கைப் போட்டார்கள். சரியாக அந்த நேரத்தில் மூலையில் கார் வந்து நின்றது.

நானும் என் விளக்கைப் போட்டுவிட்டுத் தெரு நடுவுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதை எங்களில் ஒருத்தரும் யோசிக்கவே இல்லை. தேர்தல் காகிதம் மெல்லிய காகிதம். பின்னால் விளக்கு விழுந்ததும் நீட்டின சிவப்பு மை இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோனது. கெட்டிக் கறுப்பு மட்டும் ஊடுருவி வந்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நாற்பத்திரண்டு ஜன்னலிலும், மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு டுல்லமோண்ட் சிரித்தார்.

தெருவில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

டுல்லமோண்ட் காரிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், பெரிய கோட்டு, அந்தக் கோட்டுக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. இரண்டு அடி வைத்தார், நின்றார். பின்பக்கத்திலிருந்து தெரிந்ததால் முகம் இடம் வலம் மாறி இருந்தது. அவர் தினமும் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம் அதுதான். எங்களுக்குப் புரிவதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“எல்லா வீட்டுலயுமா?” என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான்... எனக்குத் தெரியவே தெரியாதே.”

நிருபர் பையன் கேமராவைத் தூக்கினான். “ஐயா, அப்படியே நில்லுங்க! தெரு முழுக்க உங்க ஆதரவாளர்கள்! இவங்களைப் பத்தி என்ன சொல்றீங்க?”

“என்னை நம்பறவங்களை நான்...” என்று தொடங்கினார் டுல்லமோண்ட்.

ஆல்ச்சே பின்னாலிருந்து என் கோட்டை இழுத்தாள். “ஹார்மன், வாயைத் தொறக்காதே. அந்த ஆளு தானா வந்து விழறான். விழட்டும்.” எல்லாருடைய கண்ணும் ஃபெம்மியிடம் ‘பேசாதே, பேசாதே’ என்று கெஞ்சின. வுப்பேகூட ஜன்னலுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டிருந்தான். இருபது வருஷத்தில் அப்படி நான் பார்த்தது இல்லை.

நானும் ஃபெம்மியின் முழங்கையைக் கிள்ளினேன். இன்னும் ஒரு வாக்கியம். அந்த மனிதர் நிருபர் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் வியாழக்கிழமை அதைத் திருப்பி எடுக்க முடியாது. தெரு தப்பித்துவிடும்.

ஃபெம்மி முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, நீங்க பாக்கறது பின்பக்கம்” என்றாள்.

“என்னம்மா?”

“அது நான் அடிச்சது இல்லை. நான் அடிச்சது இந்தப் பக்கம். ரெண்டு நாள் நின்னு அடிச்சிருக்கேன். அதைப் படிங்க.” திரும்பி, ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்கிற குரலில் கத்தினாள். “யோவ் வுப்பே! விளக்கை அணை!”

“ஏய், பைத்தியமாடி நீ?” ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது.

“அணைய்யா! எல்லாரும் அணைங்க!”

பதினேழாம் வீட்டில் விளக்கு அணைந்தது. வுப்பேயின் தலைக்கு மேலிருந்த டுல்லமோண்ட் மறைந்தார். அதற்குள் எரிய ஆரம்பித்திருந்த தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து மேலே வந்தது. அப்புறம் பதினைந்து. அப்புறம் என் வீடு, நானே ஓடிப்போய் அணைத்தேன். ஒவ்வொரு ஜன்னலாக அந்த முகம் போக, ஒவ்வொரு ஜன்னலாக இடிக்காதே, இடிக்காதே என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஆல்ச்சே, முணுமுணுத்துக்கொண்டே, தன் பெரிய விளக்கை அணைத்தாள். டுல்லமோண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஒவ்வொன்றாக அணைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிட்டே போய்ப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

“உலர்ந்த இடத்தில் வைக்கவும்னா?”

“அது சும்மா. மூட்டைக்குப் போடறது” என்றாள் ஃபெம்மி.

போச்சு என்று நினைத்தேன். முகத்தில் கரியைப் பூசி அனுப்பிவிட்டோம், இனி மனிதர் இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போடுவார். அவர் காருக்குத்தான் போவார் என்று பார்த்தால், ஃபெம்மியைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தத் தாள் உங்களுக்கு எங்கே கிடைச்சது?”

“உங்க கட்சிக் கூடத்துல. கொதிகலன் பக்கத்துல கிடந்தது. செயலாளர்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு.”

“மிச்சம் விழுந்ததா?”

ஃபெம்மிக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “உள்ள வாங்க ஐயா, காப்பி குடிக்கலாம். வெளியில குளிருது” என்றாள்.

உள்ளே மேஜை விளக்கைப் போட்டோம். நிருபர் பையன் வாசலிலேயே நின்றான். டுல்லமோண்ட் வுப்பேக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தார், கோட்டைக் கழற்றாமல். அவர் தலைக்கு நேர் மேலே அவருடைய முகம். வுப்பே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“படத்துல கொஞ்சம் சதைப் பிடிப்பா இருக்கீங்க.”

“சும்மா இரு” என்றாள் ஃபெம்மி. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள்.

“மொத்தம் எத்தனை கட்டு இருந்தது அங்கே?” என்று கேட்டார் டுல்லமோண்ட்.

“ஆறு. ஒண்ணைத்தான் பிரிச்சேன். மிச்சம் அஞ்சு கொட்டகையில இருக்கு.”

“பாக்கலாமா?”

நான் போய் ஒரு கட்டைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தேன். அச்சகத்தில் போட்ட சணல் முடிச்சு அப்படியே இருந்தது. மேலே சீட்டு: ஐந்நூறு தாள். அவர் விரலை முடிச்சின்மேல் வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. ஆறு ஐந்நூறு.

“மூவாயிரம்” என்றார். “நான் அடிச்சதே மூவாயிரம்தான்.”

விரலை முடிச்சிலிருந்து எடுக்கவில்லை.

“எல்லாத்தையும் ஒட்டியாச்சுன்னு செயலாளர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊரையே ரெண்டு சுத்து சுத்தினேன், என்னைத் தேடிக்கிட்டு. எங்க பாத்தாலும் அதே தேர்தல்ல நின்ன அவரு மருமகன் மூஞ்சிதான். என்னோடது மழையில கிழிஞ்சிருக்கும்னாரு.”

“அந்த மாசம் மழையே இல்லையே ஐயா. ஹார்மன்கூட நேரா கல்லு பதிச்ச மாசம் அது” என்றான் வுப்பே.

டுல்லமோண்ட் சிரித்துவிட்டார். சிரிப்பு வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போல, காப்பி கோட்டில் சிந்திவிட்டது. ஃபெம்மி துணி எடுத்துக் கொடுத்தாள்.

“உங்களைக் கட்சியில ஒருத்தனும் ஒட்டல” என்றான் வுப்பே. “நாங்க நாலு மணி நேரம் வீட்டுல ஒட்டி வச்சிருந்தோம். ஊருக்குள்ள உங்களை ஒட்டின தெரு இது ஒண்ணுதான். அதையும் நீங்க இடிக்கப் போறீங்க.”

“உங்களுக்குப் புது வீடு ஒன்பதாவது மாடியாமே? நல்ல காத்து. ஆறு தெரியும். சுவர்லயே வெப்பக் குழாய்.” வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார்.

“எல்லாம் சரி ஐயா. ஆனா ஒன்பதாவது மாடியிலேருந்து ஒருத்தனைத் திட்டினா, அது கீழ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் மூலை திரும்பிடுவான். அப்புறம் யாரோ சம்பந்தமில்லாத ஆளு மேல விழும். பாவம் இல்லையா?”

டுல்லமோண்ட் ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாகத் தெருவைப் பார்த்தார். ஆல்ச்சே நிருபர் பையனைப் பிடித்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி உருளைக்கிழங்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வுப்பே மேல் கண்ணாடியைக் கோலால் தள்ளித் திறந்தான்.

“ஆல்ச்சே! அந்தப் பையனை விடுடி! உன் புருஷன் காது போனது போதாதா?”

“உன் வேலையைப் பாரு, ஒத்தைக் காலா!” என்று உடனே பதில் வந்தது.

டுல்லமோண்ட் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். எழுந்தார். போகும்போது வாசலில் நின்று ஃபெம்மியிடம், “அந்தச் சிவப்புல எண்ணெய் ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னார்.

ஃபெம்மிக்கு அது பெரிய அடி. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “எண்ணெய் ஜாஸ்தியாம். மை வாங்கிக் குடுத்தானா அவன்?” தெருவுக்கோ அவள்மேல் கோபம். ரொட்டிக் கடையில் ஆல்ச்சே நேராகக் கேட்டாள்: “வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உனக்கு?” ஃபெம்மி ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். “நான் அடிச்சதை விட்டுட்டு வேற எவனோ அடிச்சதைப் பாத்துக் கண் கலங்குறாரே ஹார்மன், எப்படிப் பொறுத்துக்கறது?” எனக்கும் கோபம்தான். ஆனால் சரியாகப் பதித்த கல்லை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லை ஒருத்தன் மெச்சினால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அவளைத் திட்டாமல் விட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணி. நகரசபைக் கூடத்தின் மாடி பெஞ்சில் நானும் ஃபெம்மியும். அவள் தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கீழே கட்சிச் செயலாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மருமகன். தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். இடிக்கலாம், இடிக்கலாம், வேண்டாம், இடிக்கலாம். ஃபெம்மி விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். பதினான்கு பெயர் ஆனபோது ஏழுக்கு ஏழு.

“திரு டுல்லமோண்ட்?”

“வேண்டாம்.”

செயலாளரின் கால் மேலிருந்து இறங்கியது. கழுத்து மெதுவாகத் திரும்பியது. தலைவருக்கே காது கேட்கவில்லை போல. “மன்னிக்கணும், சரியாக் கேக்கல. இடிக்க வேண்டாம்னா சொல்றீங்க?”

“ஆமா. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். அங்கே ஒட்டியிருந்ததைப் படிச்சேன். உள்ளே ஆள் இருக்கு.”

ஃபெம்மி என் விலாவில் இடித்தாள், இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த இடம் வலிக்கும். “கேட்டியா! படிச்சாராம்! படிச்சாராம்!” என்று பெஞ்சின்மேல் எழுந்து நின்று கத்தினாள். தலைவர் மணியடித்து அவளை வெளியே போகச் சொன்னார். “போறேன், போறேன், எனக்கும் அடுப்புல பட்டாணி சூப் இருக்கு” என்று இறங்கிப் போனாள்.

அந்த மனிதர் போஸ்டரைப் படித்ததால் அப்படிச் சொன்னாரா, கட்சிக்காரர்கள் பிரிக்காமலே போட்டு வைத்த ஆறு கட்டால் சொன்னாரா என்று தெருவில் இன்னும் விவாதம் ஓடுகிறது. ஆறு கட்டுத்தான் என்பது என் கட்சி. ஃபெம்மியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், காப்பி கிடைக்காது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வுப்பே நாற்காலியில் இல்லை. சமையலறையில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

“இருக்கோம்” என்றாள் ஃபெம்மி.

கரண்டி நின்றது. அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது, கொஞ்சம் வேகமாக. சூப் அடுப்பில் தெறித்தது.

“அப்போ இந்தப் பின்கதவை மாத்தணும்” என்றான். “அடிப்பலகை உளுத்துப் போயிருக்கு. எப்படியும் இடிக்கப் போறானுங்கன்னு விட்டு வச்சேன்.”

“நாளைக்கே மாத்தலாம்” என்றாள் ஃபெம்மி. கோட்டைக் கழற்றாமலேயே குனிந்து, கதவின் அடியை விரலால் தட்டிப் பார்த்தாள்.